கூடம் கோணல்

புது ஸ்டேடியத்துக்குக் குடிபோனதிலிருந்து எங்கள் ஃபுட்பால் கிளப் தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முப்பதாயிரம் நாற்காலி. அத்தனையும் அவருடைய பெயிண்ட் கம்பெனி நீலம். எப்படி மழை பெய்தாலும் ஒரு நாற்காலிகூட நனையாதபடி கூரை. வடக்குப் பக்கம் மேலே ஒரு பெரிய திரை; ஆட்டம் நடக்கும்போது கோல் எண்ணிக்கை காட்டும், நடக்காதபோது பெயிண்ட் காட்டும். இவ்வளவும் கட்டியாகிவிட்டது, இனி இதில் ஆட ஆள் வேண்டாமா என்று அவர் போகிற இடமெல்லாம் கேட்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பதினோரு பேர் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அவர் கண்ணில் படவில்லை.

ஒரு நாள் என்னிடமே கேட்டார். "பெரிய வீடு கட்டிட்டு உள்ள பழைய ஸ்டூலைப் போட்டு உக்காருவாங்களாய்யா?"

"கால் ஆடாம இருந்தா உக்காரலாம் சார்" என்றேன்.

புல் வெட்டுகிற மெஷின் வாய் திறந்து பேசிவிட்டதைப் போல என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

இருபத்தாறு வருடமாக இந்தக் கிளப்பின் தரை என் பொறுப்பு. விதை போடுவது, தண்ணீர் விடுவது, வெட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது, கோல் கம்பம் நடுவது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், புல்லைக் கட்டி மேய்க்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். என் தலையில் வழுக்கை விழுந்தபோது நான் கவலைப்பட்டதில்லை. கோல் வாசலில் வழுக்கை விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. கீப்பர் தொண்ணூறு நிமிடமும் அங்கேயே நின்று, குதித்து, பூட்ஸால் தேய்த்துப் புல்லைக் கொன்றுவிடுவார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்த இடத்தில் மண் தூவி, விதை போட்டு, தட்டி உயிர் கொடுக்க வேண்டும்.

அப்படி என் புல்லைக் கொல்கிறவர் வேறு யாருமில்லை, என் தங்கச்சி புருஷன்தான். பதினோரு வருடமாக அவர்தான் எங்கள் கோல்கீப்பர். நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். ஒரே வீடு. மாடியில் நான், கீழே அவர், தங்கச்சி, அவர்களுடைய எட்டு வயது மகள். எனக்குத் தூக்கம் மேலே, சாப்பாடு கீழே. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கச்சி, அண்ணனுக்கும் புருஷனுக்கும் சேர்த்து ஒரே அதட்டல் போட்டு வீட்டை நடத்தினாள்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைக் கடியாரம் என்று கூப்பிடுவார்கள். பழைய மைதானத்தில் வடக்கு கோலுக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் பெரிய கடிகாரம் இருந்தது. மாப்பிள்ளை தெற்கு கோலில் நிற்கும்போது ஒவ்வொரு கார்னருக்கும், ஒவ்வொரு ஃப்ரீ கிக்குக்கும் முன்னால் தலையைத் தூக்கி அதை ஒரு தடவை பார்ப்பார். "என்னப்பா கடியாரம், வீட்டுல சாப்பாடு ஆறுதா?" என்று கூட்டம் கத்தும். அவரும் சிரித்துக்கொள்வார். ஏன் பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

புது ஸ்டேடியத்தில் கடிகாரம் கிடையாது. அது இருந்த திசையில்தான் தலைவருடைய திரை தொங்கியது. போகட்டும், ஒரு மூலையில் மணியும் அதில் தெரிந்தது.

ஏழு ஆட்டம் ஆடினோம். பதின்மூன்று கோல் வாங்கினோம். போன வருடம் முழுக்கச் சொந்த மைதானத்தில் வாங்கியதே பன்னிரண்டுதான். எல்லாம் விரல் நுனியில் தப்பியவை. மாப்பிள்ளை சரியாகத்தான் பாய்வார், பந்து அவர் கையைத் தொட்டும் தொடாமலும் உள்ளே போய்விடும். வயது முப்பத்து நான்கு, கை கால் மந்தமாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. தலைவர் தன் சட்டைப் பையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார், நான்கு பெயர். முதல் பெயர் ஒரு கீப்பர். இருபத்து நான்கு வயது, நாட்டின் மறு கோடியில் இருக்கும் ஒரு பெரிய கிளப்.

நான்காவது தோல்விக்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மச்சான், இந்தக் கிரவுண்டுல ஏதோ ஒண்ணு இடிக்குது. சொல்லத் தெரியல. நடுவுலதான் நிக்கிறேன், ஆனா நடுவுல நிக்கிற மாதிரி இல்ல."

என் தரையைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதம் நாயாய் உழைத்து, ஒவ்வொரு கோட்டையும் நூல் பிடித்துப் போட்ட தரை அது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன்.

தங்கச்சி கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம்தான் பதில். அதன் பிறகு மாப்பிள்ளை மைதானத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை, ஆட்டத்தைப் பற்றியும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார், படுத்துவிடுவார்.

ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, விதை மூட்டைக்கு ரசீது கொடுக்க ஆபீஸுக்குப் போனேன். செக்ரட்டரி அம்மா என்னைப் பார்த்ததும் மேஜை மேலிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். இருபது வருடப் பழக்கம், என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"என்னம்மா அது?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ சொல்லுங்க."

சொன்னார். பெரிய கிளப் தன் கீப்பரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு ஒரு கீப்பர் குறைந்துவிடக் கூடாதாம். பதிலுக்கு நம் கீப்பரைக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே போய் இரண்டாவது கீப்பராக பெஞ்சில் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தில் கிளப் நினைத்தால் மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது, அவர் மறுக்க முடியாது. வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வியாழக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. தலைவர் வெளியூரில் இருக்கிறார், வியாழக்கிழமை மதியம் வந்து கையெழுத்துப் போடுவார்.

வீட்டுக்குப் போனால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் திறந்து கிடந்தன. மாப்பிள்ளைக்குக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள் போல. தங்கச்சி பாத்திரங்களைத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை.

"இது உனக்கு வேணுமா அண்ணா?" என்று ஒரு சின்ன வாணலியை நீட்டினாள். "ஒருத்தனுக்கு இது போதும்."

தங்கச்சி மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, நீங்களும் வருவீங்கதானே? அங்கயும் புல்லு இருக்குமாம்."

"அங்க வேற மாமா இருப்பாருடா" என்றேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். ஐம்பத்தோரு வயதில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கையிலிருந்த வாணலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தேய்ந்த கோல் வாசல்களை இன்னும் சரிசெய்யவில்லை. வடக்கு கோல் வாசலை முதலில் முடித்தேன். வழுக்கை நட்ட நடுவில் இருந்தது. மண்ணும் விதையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தேன். மண்டியிட்டு, மண்வெட்டியை எடுத்து, அப்படியே நின்றுவிட்டேன்.

வழுக்கை நடுவில் இல்லை.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். டேப்பை எடுத்து இரண்டு கம்பங்களிலிருந்தும் அளந்தேன். இரண்டடி தள்ளி இருந்தது, கீப்பருக்கு இடது கைப் பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இதே இடத்தில் விதை போட்டிருக்கிறேன். அவசரத்தில், கோபத்தில், ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய மைதானத்தில் பதினோரு வருடம் இதே மனிதர் விட்ட வழுக்கை அங்குலம் பிசகாமல் நடுவில் இருந்தது. அதை வைத்தே நான் கோடு போடலாம், அவ்வளவு துல்லியம்.

பதின்மூன்று கோலையும் விரல்விட்டு எண்ணினேன். பதினொன்று இந்தத் தெற்கு கோலில் விழுந்தவை. அதில் ஒன்பது அவருடைய வலது கைப் பக்கம்.

வழுக்கை மேல் ஏறி நின்றேன். மைதானத்தைப் பார்த்தேன். கடியாரம், கடியாரம் என்று கூட்டம் கத்துவது ஞாபகம் வந்து தலையைத் தூக்கினேன். எதிரே வடக்கு கோல். அதன் இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவில், மேலே, தலைவருடைய திரை. இப்போது இரண்டடி நகர்ந்து உண்மையான நடுவுக்கு வந்தேன். திரை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

புரிந்துவிட்டது. இந்த மனிதர் மணி பார்க்கவே இல்லை. கடிகாரத்தை எதிர் கோலுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் தானும் நடுவில் இருக்கிறோம் என்று அவர் உடம்பு கற்றுவைத்திருந்தது. இங்கே கடிகாரம் இருந்த இடத்தில் திரை. உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. வடக்கு கோலில் நின்றால் எதிரே அப்படி எதுவும் இல்லை. திரும்பிக் கம்பங்களைப் பார்த்து நிற்பார், அங்கே தப்பில்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே கோபம். கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு திரையை நேராக மாட்டத் தெரியாத கூட்டம்! நேராக ஸ்டேடியத்தின் இன்ஜினியரிடம் போனேன். முப்பது வயதுகூட இல்லாத பெண். என் சத்தத்தைக் கேட்டு ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள்.

"திரையைக் கோணலா மாட்டிட்டு ஒரு மனுஷனோட பொழப்பைக் கெடுத்துட்டீங்களேம்மா!"

"இருங்கண்ணே. கத்தாதீங்க. அளந்து பாத்துடலாம்."

மூன்று கால் கருவியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வடக்கே போனாள், தெற்கே போனாள், குனிந்து குனிந்து பார்த்தாள். அரை மணி நேரம். பிறகு என்னிடம் வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டோடு வருகிற முகம்.

"திரை கட்டடத்துக்குச் சரி நடுவுலதான் இருக்குண்ணே. உங்க தரைதான் நடுவுல இல்ல. ஒரு சாண் மேற்க தள்ளியிருக்கு."

"ஒரு சாணா? அங்க ரெண்டடி வித்தியாசம் இருக்கேம்மா."

"அங்க ஒரு சாண் விலகினா, இவ்வளவு தூரத்துல இருந்து பாக்கிறப்போ ரெண்டடி ஆயிடும். உங்களுக்குத் தெரியாததா? நூல் பிடிக்கிறவர்தானே நீங்க."

அந்த ஒரு சாணை எனக்குத் தெரியும்.

ஸ்டேடியம் கட்டும்போது தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் போட்டார்கள். கிழக்கு ஓரத்தில் பக்கக் கோடு வரவேண்டிய இடத்திலேயே குழாயின் மூடிகள் வரிசையாக வந்துவிட்டன. வெள்ளைக் கோடு மூடிமேல் ஏறி இறங்கினால் பார்க்க அசிங்கம், ஆடுகிறவன் காலும் இடறும். இன்ஜினியர்களிடம் சொன்னால் மூன்று கூட்டம் போடுவார்கள். நான் என்ன செய்தேன், மொத்தத் தரையையும் ஒரு சாண் மேற்கே தள்ளி நூல் பிடித்தேன். கோல் கம்பத்தின் குழிகளையும் அதற்கேற்ப நானே குறித்துக்கொடுத்தேன். நீளம் சரி, அகலம் சரி, எந்த நடுவர் வந்து அளந்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்று அன்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே" என்றாள் அந்தப் பெண். "ஆனா நீங்க சொல்லணும்."

அன்று மதியம் முழுவதும் மெஷின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவர் திரையைப் பார்க்காமல் நிற்பார், கோல் விழாது, என் தப்பும் வெளியே வராது. ஆனால் அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. கெடு வியாழக்கிழமை. அதற்குள் தலைவருக்குத் தெரிந்தாக வேண்டும், தெரிந்தால் என் வேலை போகலாம். இருபத்தாறு வருடம் தரை பார்த்தவனை, தரையைக் கோணலாகப் போட்டான் என்று சொல்லி அனுப்பினால் அப்புறம் எந்தக் கிளப் சேர்த்துக்கொள்ளும்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். வழுக்கை, கடிகாரம், திரை, குழாய் மூடி, ஒரு சாண். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையா மச்சான்?"

"உங்களுக்கென்ன மாப்ள. எல்லாம் என்னால ஆனது."

"இல்ல, நான்… நான் கெட்டுப்போயிட்டேன்னு நினைச்சேன். கண்ணு போச்சுன்னு நினைச்சேன். தனியா போய் டாக்டர்கிட்டகூட காட்டினேன்." சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். அவர் மகள் ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

தங்கச்சி சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா என் புருஷனைக் கரிச்சுக் கொட்டினியே அண்ணா" என்றாள். "கூடம் கோணல்னு அவர் சொன்னப்போ என்ன பழமொழி சொன்னே? இப்போ சொல்லு பாக்கலாம்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிட்டுட்டு யோசி. நாளைக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லு."

புதன்கிழமை காலை கோச்சிடம் சொன்னேன். அவர் தெற்கு கோலில் போய் நின்று பார்த்துவிட்டு, "அட!" என்றார். பிறகு, "எனக்கு முதல்ல இருந்தே கீப்பர் வேண்டாம். இடது பக்கம் ஓடுறதுக்கு ஒரு ஆள்தான் வேணும்னு தொண்டை வத்தச் சொன்னேன். ஆனா கையெழுத்து என் கையில இல்லையே" என்றார். தலைவருக்குப் போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. புதன் அப்படியே போயிற்று.

வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்குத் தலைவருடைய கார் வந்தது. நானும் கோச்சும் படிக்கட்டிலேயே அவரை மறித்தோம்.

"சார், அஞ்சு நிமிஷம் தரைக்கு வரணும்" என்றார் கோச்.

"அஞ்சு மணிக்குக் கெடுய்யா!"

"அதுக்குத்தான் சார் கூப்பிடுறோம்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பளபளக்கும் ஷூவோடு கோல் வாசலில் ஏறினார். மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

"சார், கீழ பாக்காதீங்க" என்றேன். "எதிர்ல உங்க திரையைப் பாருங்க. அது அந்த கோலுக்கு நடுவுல வர்ற மாதிரி நில்லுங்க."

தலைவருக்குத் தன் திரையைப் பார்க்கச் சொன்னால் கசக்குமா? இப்படியும் அப்படியும் நகர்ந்து, நின்று, "வந்துடுச்சு" என்றார்.

"இப்போ நீங்க இந்த கோலுக்கு நடுவுல இருக்கீங்களா?"

"பின்ன?"

"திரும்பிப் பாருங்க."

திரும்பினார். ஒரு கம்பம் கிட்ட இருந்தது, ஒரு கம்பம் தூர இருந்தது. "கம்பத்தை யாருய்யா நகத்தினது?"

"கம்பத்தை மட்டும் இல்ல சார். மொத்தத் தரையையும் நகத்தினது நான்தான்."

குழாய் மூடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் முகம் அவருடைய கம்பெனி சிவப்பில் எந்த ரகமோ அந்த ரகத்துக்கு மாறியது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் கோச் பந்துகளை வரிசையாக வைத்துவிட்டார். முதல் பத்து பந்துக்கு மாப்பிள்ளை வழக்கம் போலத் திரையைப் பார்த்து நின்றார். ஆறு உள்ளே போயிற்று. பிறகு நான் கோலின் நட்ட நடுவிலிருந்து தரையில் ஒரு நூலைக் கட்டி இழுத்து வைத்தேன். அடுத்த பத்துக்கு அவர் நூலைப் பார்த்து நின்றார். ஒன்றுதான் உள்ளே போயிற்று, அதுவும் கம்பத்தில் அடித்துப் போனது. பத்தாவது பந்தை அவர் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தபோது, பழைய மைதானத்தில் கேட்ட அதே தொப்பென்ற சத்தம் கேட்டது.

மணி நாலு இருபது.

தலைவர் என்னிடம் வந்தார். "முப்பதாயிரம் நாற்காலியை நேரா வெச்சாங்க. நீ ஒரு புல்லை நேரா வெக்கல."

"ஆமா சார்."

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார். மாப்பிள்ளை போயிருப்பாரு. நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி விதை போட்டுட்டு இருந்திருப்பேன்."

அவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நீ என்னய்யா சொல்றே?"

மாப்பிள்ளை பந்தை இறக்கி வைக்காமலே சொன்னார். "எனக்கு இங்கயே இருக்கணும் சார்."

தலைவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தார். நான்கு பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆசைப்பட்ட பொம்மையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிற குழந்தைக்கும் அவருக்கும் அப்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எனக்கே பாவமாகிவிட்டது. ஊரெல்லாம் சொல்லிவைத்த ஆசை அல்லவா. "ஒரு ஆளாவது புதுசா வரணும்யா. சும்மா விடமாட்டாங்க என்னை" என்றார்.

"இடது பக்கம், சார்" என்றார் கோச், மூச்சு விடாமல். "பட்டியல்ல மூணாவது பேரு. பண்டமாற்று எதுவும் தேவையில்ல. அவங்க அனுப்பத் தயாரா இருக்காங்க."

தலைவர் போனை எடுத்து செக்ரட்டரி அம்மாவைக் கூப்பிட்டார். "அந்தக் கீப்பர் பேப்பர் வேண்டாம்மா. மூணாவது பேரு இருக்குல்ல, அதை மட்டும் தயார் பண்ணுங்க. இதோ வர்றேன்." இரண்டடி போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "சீசன் முடிஞ்சதும் இந்தத் தரை மொத்தத்தையும் ஒரு சாண் நகத்துறே. கம்பம், குழி, எல்லாம். மூடியை என்ன பண்றதுன்னு அந்த இன்ஜினியர் பொண்ணுகிட்ட கேட்டுப் பண்ணு. அதுவரைக்கும் லீவுன்னு என் பக்கம் வராதே."

"சரி சார்."

"அப்புறம், என் திரையில எந்தத் தப்பும் இல்ல. அதை எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"மைக் வெச்சே சொல்றேன் சார்."

அவர் படியேறி மறைந்ததும் கோல் வாசலிலேயே, என் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை இருக்கிறது. மாப்பிள்ளை இருக்கிறார். கீழ் வீட்டில் விளக்கு எரியும். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றினார்.

"மச்சான்."

"ம்."

"ஆடத் தெரிஞ்சவனுக்கும் கூடம் கோணலா இருக்கலாம், இல்ல?"

"போதும் மாப்ள, விட்டுடுங்க."

"எப்படி விடுறது? சாகிற வரைக்கும் சொல்லுவேன்."

மணி ஐந்தானபோது நாங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். தங்கச்சி வாசலிலேயே நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். நாங்கள் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டு பெட்டி காலியாகியிருந்தது. "அந்த வாணலியைக் கொடு" என்றாள் என்னிடம். "உனக்கெதுக்கு அது?"

தரையை உடனே நகர்த்த முடியாது. மைதானத்தில் கூடுதலாக ஒரு கோடு போடவும் சட்டம் இடம் தராது. ஆனால் புல்லை எந்தப் பக்கமாக வெட்டுவது என்பது என் இஷ்டம். மெஷின் ஒரு திசையில் போனால் புல் வெளிறித் தெரியும், திரும்பி வந்தால் கறுத்துத் தெரியும். இதுவரை குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளியும் சனியும் நீளவாக்கில் வெட்டினேன். வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் சந்திக்கிற இடம் கோலின் நட்ட நடுவிலிருந்து புறப்பட்டு நேராகப் போகும்படி, நூல் பிடித்து, ஒன்றுக்கு மூன்று முறை அளந்து வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியம் நிறைந்திருந்தது. புதிதாக வந்த இடது பக்க ஆள் ஓட ஆரம்பித்தால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தலைவர் மேலே நின்றுகொண்டு, தானே ஓடுவது போல வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் உருட்டிக் கொடுத்த ஒரு பந்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் மாப்பிள்ளை தெற்கு கோலுக்கு வந்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன், என் இடம் அதுதான்.

கடைசி நிமிடங்களில் எதிரிகளுக்கு ஒரு கார்னர். மேலேயிருந்து யாரோ கத்தினார்கள். "கடியாரம், மணி என்ன?" ஆயிரம் பேர் சிரித்தார்கள். பழக்கத்தில் மாப்பிள்ளையின் முகவாய் மேலே எழும்பியது. பாதியில் நின்றது முகவாய். அவர் குனிந்து புல்லைப் பார்த்தார். அரை எட்டு வலப் பக்கம் நகர்ந்தார். பந்து உயர்ந்து வந்தது, ஒருவன் தலையால் முட்டினான், அது மாப்பிள்ளையின் வலது கைப் பக்கமாகப் பாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு விழுந்தார். தொப்.

எழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கோல் வலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன், ஐம்பத்தோரு வயது வழுக்கைத் தலையன்.

திங்கட்கிழமை காலை தள்ளுவண்டியில் மண்ணும் விதையும் ஏற்றிக்கொண்டு தெற்கு கோல் வாசலுக்குப் போனேன். மண்டியிட்டேன். டேப்பை எடுத்து இரண்டு கம்பங்களிலிருந்தும் அளந்தேன். புது வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது, அங்குலம் பிசகாமல் நட்ட நடுவில்.

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, அன்று ஒரு நாள் மட்டும், நான் அதில் விதை போடவில்லை.